வாஷிங் மெஷின் கதவு பூட்டிக்கொள்ளவில்லையா? பழுதைப் படிப்படியாகக் கண்டறியும் முறை

முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினில் துணியைப் போட்டுக் கதவைச் சாத்தி, ஸ்டார்ட் பட்டனை அழுத்திய பிறகும் தண்ணீர் இறங்காமல், திரையில் ஓர் எழுத்துக்குறி மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தால், பல வீடுகளில் அடுத்து நடப்பது கதவை இன்னும் ஓங்கிச் சாத்திப் பார்ப்பதுதான். அதுவரை ஒரு நூல் பிசிறோ சோப்புத்தூள் படிவோ மட்டுமே காரணமாக இருந்த சிறு தடங்கல், அந்த ஓங்கலில் உடைந்த கொக்கியாகவும் வளைந்த கீலாகவும் மாறிவிடுகிறது. கதவு பூட்டிக்கொள்ளாமல் போவதற்கான காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் எது என்று தெரிவதற்கு முன்பே உதிரிபாகம் வாங்கவும் வேண்டாம், ‘போர்டு (மெஷினின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சர்க்யூட் பலகை) போய்விட்டது’ என்று யாரோ சொன்னதை நம்பிப் பணத்தைக் கொட்டவும் வேண்டாம். எதை முதலில் பார்ப்பது, எதுவரை நாமே செய்வது, எந்த இடத்தில் நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைப்பது என்ற வரிசையில் கீழே உள்ளவற்றைப் பின்பற்றினால் போதும்.

மெஷின் இன்னும் வாரண்டியில் இருந்தால், திருகாணி எதையும் கழற்றாமல் செய்யக்கூடிய சோதனைகளோடு நிறுத்திக்கொண்டு கம்பெனி சர்வீஸுக்குச் சொல்லிவிடுவது நல்லது. வாரண்டி முடிந்துவிட்டது என்றாலும், பூட்டுத் துளைக்குள் கை வைப்பதற்கு முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். ஈரக் கையோடும், ஈரத் தரையில் வெறுங்காலோடும் இந்த வேலையைத் தொடவே கூடாது.

கதவு எப்படிப் பூட்டிக்கொள்கிறது

கதவின் ஓரத்தில் ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அது மெஷினின் முன் தகட்டில் உள்ள சிறு துளைக்குள் நுழைகிறது. அந்தத் துளைக்குப் பின்னால், தகட்டின் உட்புறத்தில், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதான ஒரு பிளாஸ்டிக் பெட்டி திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கிறது. இதைத்தான் டோர் லாக் என்கிறோம். இந்தப் பெட்டி இரண்டு வேலைகளைச் செய்கிறது. கதவைச் சாத்தியதும் கொக்கியைப் பிடித்துக்கொள்வது முதல் வேலை; இதற்கு மின்சாரம் தேவையில்லை. ஸ்டார்ட் பட்டனை அழுத்திய பிறகு, கொக்கி திரும்பி வெளியே வர முடியாதபடி ஒரு முளையைக் குறுக்கே தள்ளி நிறுத்துவது இரண்டாவது வேலை. இதற்கு மின்சாரம் வேண்டும்.

நம் வீடுகளில் பரவலாக உள்ள பூட்டு வகையில், மின்சாரம் பாய்ந்ததும் சூடாகும் ஒரு சிறு வட்டும், அதை ஒட்டி இரண்டு உலோகங்கள் சேர்ந்த ஒரு பட்டையும் இருக்கின்றன. வட்டு சூடானதும் பட்டை வளைகிறது. வளையும்போது முளையைத் தள்ளுவதோடு, உள்ளே ஒரு மின்தொடர்பையும் மூடுகிறது. அந்தத் தொடர்பு மூடிய செய்தி போர்டுக்கு எட்டிய பிறகுதான் தண்ணீர் வால்வும் மோட்டாரும் இயங்க அனுமதி கிடைக்கிறது. இதற்கெல்லாம் சில விநாடிகள் பிடிக்கும். துவைத்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடங்கள் கதவு திறக்காமல் இருப்பது அந்த வட்டு ஆறுவதற்காகத்தான். புதிய மாடல்கள் சிலவற்றில் வட்டுக்குப் பதிலாகக் காந்தச் சுருள் இருக்கும். அவை ஸ்டார்ட் அழுத்தியதுமே ‘டக்’கென்று பூட்டி, முடிந்ததும் காத்திருக்க வைக்காமல் திறந்துவிடும்.

போர்டு மின்சாரத்தை அனுப்பிவிட்டு, தொடர்பு மூடியதா என்று சில விநாடிகள் காத்துப் பார்க்கிறது. மூடவில்லை என்றால் மறுபடி முயல்கிறது. அப்போதும் ஆகவில்லை என்றால் பிழைக்குறியைக் காட்டி நின்றுவிடுகிறது. எல்.ஜி. மெஷின்களில் ‘டிஇ’ என்றும், சாம்சங் மெஷின்களில் ‘டிஇ’ அல்லது ‘டிசி’ என்றும் ஆங்கில எழுத்துகளில் தெரிவது இந்த நிலைதான். பிற கம்பெனிகளின் குறிகள் மாடலுக்கு மாடல் வேறுபடுவதால், மெஷினோடு வந்த கையேட்டில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். குறியைக் கொண்டு தெரிவது ‘கதவில் கோளாறு’ என்பது மட்டுமே. கொக்கியா, பூட்டா, வயரா, போர்டா என்பதை அது சொல்லாது.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

டிரம்மைக் காலி செய்துவிட்டு, வீட்டில் மின்விசிறியையும் டிவியையும் அணைத்துவிட்டு, மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதவை நிதானமாகச் சாத்துங்கள். கொக்கி துளைக்குள் விழும்போது தெளிவான ஒரு ‘டக்’ கேட்க வேண்டும். கையை எடுத்த பிறகும் கதவு இம்மியும் பின்வாங்கக் கூடாது. பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, பத்துப் பதினைந்து விநாடிகள் கவனியுங்கள். இரண்டாவதாக, சற்று மெல்லிய ஒரு ‘டிக்’ ஒலி பூட்டுப் பக்கத்திலிருந்து வர வேண்டும்.

முதல் ‘டக்’கே கேட்கவில்லை, கதவு சாத்திய இடத்தில் நிற்காமல் திறந்துகொள்கிறது என்றால், பழுது மின்சாரம் சம்பந்தப்பட்டதல்ல; கொக்கி, கீல், ரப்பர், துளை ஆகிய நான்கில் ஒன்றில் இருக்கிறது. முதல் ஒலி கேட்டும் இரண்டாவது ஒலி வரவே இல்லை என்றால், பூட்டுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது வந்தும் பூட்டு இயங்கவில்லை. இரண்டாவது ஒலியும் வந்து, சிறிது நேரத்தில் மறுபடி மறுபடி ‘டிக், டிக்’ என்று கேட்டுப் பிறகு பிழைக்குறி தோன்றினால், முளை நகர்கிறது, ஆனால் தொடர்பு மூடவில்லை அல்லது அந்தச் செய்தி போர்டுக்குப் போய்ச் சேரவில்லை. இந்த மூன்றில் உங்கள் மெஷின் எது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மெக்கானிக்கை அழைக்க நேர்ந்தால், ‘கதவு லாக் ஆகலை’ என்று சொல்வதைவிட இந்த ஒரு வரி அவருக்குப் பல மடங்கு உதவும்.

பூட்டுச் சின்னம் எரிவதைப் பார்த்துக் குழம்புகிறவர்களும் உண்டு. பெரும்பாலான மாடல்களில் சைல்டு லாக் என்பது பட்டன்களைச் செயல்படாமல் வைக்கும் ஏற்பாடு. கதவுப் பூட்டோடு அதற்குச் சம்பந்தமில்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் யாரோ பட்டன்களைச் சேர்த்து அழுத்தியதால் அது இயங்கியிருக்கலாம். பேனலில் அதற்குரிய பட்டனை மூன்று விநாடி அளவு அழுத்திப் பிடித்தால் விலகிவிடும். தாமதமாகத் தொடங்கும் நேரத்தைத் தவறுதலாக வைத்திருக்கிறீர்களா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். இரண்டும் இல்லை என்றால், பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விட்டு, மறுபடி செருகி முயலுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு போர்டு தடுமாறி நிற்பது இதனாலேயே தீர்ந்துவிடுவதுண்டு.

ரப்பரும் துளையும்

கதவைச் சுற்றியுள்ள சாம்பல் நிற ரப்பர் வளையத்தின் மடிப்புக்குள் விரலைவிட்டு, ஒரு முழுச் சுற்று தடவிப் பாருங்கள். கைக்குட்டை, குழந்தையின் சாக்ஸ், ஊக்கு, சில்லறைக் காசு எல்லாம் இங்கேதான் தங்கும். எளிதில் கண்ணில் படாதது பாவாடை நாடா. துணி முழுவதும் டிரம்முக்குள் இருக்கும். நாடாவின் நுனி மட்டும் ரப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையே கீழ்ப்பக்கமாக மாட்டியிருக்கும். கதவு சாத்தியதுபோலவே தெரியும், கொக்கி மட்டும் கடைசி இரண்டு மில்லிமீட்டர் போகாமல் நிற்கும். புடவைத் தலைப்பும் வேட்டிக் கரையும் இதே வேலையைச் செய்கின்றன.

டிரம்மை நிறைத்துவிடுவதும் ஒரு காரணம். மெஷினில் ஏழு கிலோ என்று எழுதியிருப்பது உலர்ந்த துணியின் எடை. அதுவும் பருத்தித் துணிக்கான ஓட்டத்தில்தான் அந்த அளவு பொருந்தும். ஜமுக்காளத்தையும் போர்வைகளையும் அடைத்துத் திணித்தால், உள்ளே புடைத்திருக்கும் கதவுக் கண்ணாடியைத் துணியே வெளியே தள்ளும். துணிக்கு மேலே ஒரு கை தாராளமாக நுழையும் இடம் இருக்க வேண்டும். அண்மையில் ரப்பரை மாற்றியிருந்தால், புது ரப்பர் விறைப்பாக இருப்பதாலோ, எங்காவது சரியாக உட்காராததாலோ கதவைத் தள்ளலாம். அதைப் பொருத்தியவரையே ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்ததாக, பிளக் பிடுங்கிய நிலையிலேயே பூட்டுத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். போர்வெல் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில், உப்பும் சோப்புத்தூளும் துணிப் பிசிறும் சேர்ந்து வெள்ளை மாவு போலத் துளையின் விளிம்பிலும் கொக்கியின் வளைவிலும் இறுகியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் கொக்கியையும், பழைய பல் துலக்கும் பிரஷால் துளையின் விளிம்பையும் துடைத்து எடுங்கள். துளைக்குள் தண்ணீர் தெறிக்கக் கூடாது. இந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை அருள்கூர்ந்து செய்யாதீர்கள். எண்ணெய் அப்போதைக்கு வழுக்கினாலும், அதன்மேல் சோப்புத்தூளும் பிசிறும் ஒட்டிப் பசையாகி, உள்ளே இருக்கும் மின்தொடர்பு வரை பரவிவிடும்.

கொக்கியும் கீலும்

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கொக்கியை ஒரு விரலால் அது நகரும் திசையில் இழுத்து விடுங்கள். அது துள்ளிப் பழைய இடத்துக்கே வர வேண்டும். தொளதொளவென்று ஆடினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, அல்லது கொக்கியைத் தாங்கும் ஊசி நழுவியிருக்கிறது. கைப்பிடியை இழுத்துத் திறக்கும் மாடலில், கைப்பிடி பாதி வெளியே வந்த நிலையில் சிக்கிக்கொண்டாலும் கொக்கி இப்படி இழுபட்டே நிற்கும். கொக்கியின் நுனி பிளாஸ்டிக்காக இருந்தால் வெண்மையான கீறலோ தேய்மானமோ இருக்கிறதா என்று பாருங்கள்; வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சீக்கிரமே முறியப்போகிறது.

கீல் சோதனை இதைவிட எளிது. கதவைப் பாதி திறந்து, கொக்கி இருக்கும் பக்கத்து ஓரத்தைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். கதவு கையோடு மேலும் கீழும் ஆடினால், கீலின் திருகாணிகள் தளர்ந்துள்ளன அல்லது கீலே தேய்ந்துள்ளது. துளையின் கீழ் விளிம்பில் பெயின்ட் உரிந்து பளபளப்பான ஒரு தேய்ப்புத் தடம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். கதவு தொங்கி, கொக்கி துளைக்குச் சற்றுக் கீழே முட்டுகிறது. கதவைக் கையால் லேசாகத் தூக்கிக்கொடுத்துச் சாத்தும்போது மட்டும் ‘டக்’கென்று விழுகிறதென்றால், அதுவே உறுதியான விடை. முன் தகட்டில் கீலைப் பிடித்திருக்கும் திருகாணிகளை இறுக்குங்கள்; இறுக்கியும் தொங்கினால் கீலை மாற்ற வேண்டும்.

கதவு ஏன் தொங்குகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். ஈரத் துணியை எடுக்கும்போது கதவின் மேல் கையூன்றிக்கொள்வது, நனைந்த ஜீன்ஸையும் போர்வையையும் திறந்த கதவின் மேல் போட்டு வைப்பது, குழந்தைகள் அதைப் பிடித்துத் தொங்குவது ஆகியவைதான் கீலைத் தேய்க்கின்றன. சக்கரம் வைத்த ஸ்டாண்டின் மேல் மெஷின் நின்றால், நான்கு கால்களும் சமமாக ஊன்றியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு மூலை அந்தரத்தில் இருந்தால், துணி பிழியும் ஓட்டத்தின் அதிர்வு திருகாணிகளை மறுபடி மறுபடி தளர்த்தும்.

கொக்கியை மாற்ற வேண்டியிருந்தால், கதவை முழுவதும் கழற்றி, மேசைமேல் துண்டு விரித்துக் கவிழ்த்து வைத்துக்கொள்வது பாதுகாப்பு. கதவின் உள், வெளிச் சட்டங்களைச் சுற்றிலும் உள்ள திருகாணிகள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அவற்றை எடுத்ததும் கண்ணாடி பிடிமானம் இழக்கும். ஸ்பிரிங் எந்தப் பக்கம் எப்படி மாட்டியிருக்கிறது என்பதைப் பிரிப்பதற்கு முன்பே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரப் பக்கம்

‘டக்’ கேட்கிறது, ‘டிக்’ வரவில்லை என்ற நிலையில், முதலில் பார்க்க வேண்டியது வீட்டின் மின்னழுத்தம். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். மின்னழுத்தம் நன்றாக இறங்கியிருக்கும் மாலை நேரத்தில் சூட்டால் இயங்கும் பூட்டு மந்தமாகி, போர்டு காத்திருக்கும் நேரத்துக்குள் முளையைத் தள்ளாமல் போகக்கூடும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் செருகியிருந்தால் அதை நீக்கிவிட்டு, சுவரில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கிலேயே நேராகச் செருகிப் பாருங்கள். அதிகாலையில் சரியாகப் பூட்டிக்கொண்டு, மாலையில் மட்டும் தகராறு செய்தால் மெஷினைக் குறை சொல்வதற்கில்லை.

எலியையும் மறக்கக் கூடாது. பல மெஷின்களின் அடிப்பாகம் திறந்திருக்கும். பால்கனியிலும் கொல்லைப்புறத்திலும் வைத்த மெஷினுக்குள் எலி புகுவது வெகு சாதாரணம். மெஷினை நகர்த்தி, அடியில் புழுக்கையோ, வயர் உறையின் வண்ணத் துணுக்குகளோ கிடக்கின்றனவா என்று பாருங்கள். கிடந்தால், பூட்டுக்குப் போகும் வயர் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த இடத்தில் வயரை முறுக்கி டேப் சுற்றி ஒப்பேற்றுவது ஈரமான பெட்டிக்குள் ஆபத்தானது. முறையாக இணைப்புப் போட்டு மூடத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

மல்டிமீட்டர் பழக்கம் உள்ளவர்கள் பூட்டைக் கழற்றிய பிறகு அதையே சோதிக்கலாம். சூட்டு வகைப் பூட்டில் வழக்கமாக மூன்று முனைகள் இருக்கும். வட்டுக்குரிய இரு முனைகளுக்கிடையே, பூட்டு ஆறியிருக்கும்போது, சில நூறு ஓம் முதல் ஆயிரத்துச் சொச்சம் ஓம் வரை மின்தடை காட்டுவது இயல்பு. மீட்டர் எதையும் காட்டவில்லை என்றால் வட்டு அறுந்துவிட்டது; பூட்டை மாற்ற வேண்டியதுதான். மூன்றாவது முனை தொடர்புக்குரியது. பூட்டு இயங்காத நிலையில் அதில் இணைப்பு இருக்கவே கூடாது. அளவு சரியாக இருந்து, வயரும் முழுதாக இருந்து, அப்போதும் பூட்டு இயங்கவில்லை என்றால்தான் போர்டைச் சந்தேகிக்க இடமுண்டு. மின்சாரம் பாயும்போதே முனைகளில் மீட்டர் வைத்துப் பார்க்கும் சோதனை இதற்கு அடுத்த கட்டம். அது தொழில் தெரிந்தவருக்கு மட்டுமே உரியது.

பூட்டை மாற்றுதல்

உதிரிபாகம் வாங்கும் முன், கதவு விளிம்பிலோ பின்புறத்திலோ ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணை முழுமையாகப் படம் எடுங்கள். வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு பூட்டுகளில் முனைகளின் வரிசை வேறாக இருப்பதுண்டு. மாற்றிப் பொருத்தினால் நல்ல போர்டும் கெட்டுப்போகலாம். பழைய பூட்டையே கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்வது இன்னும் நல்லது.

பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் விட்ட பிறகு, ரப்பரின் வெளி விளிம்பைச் சுற்றியுள்ள கம்பி வளையத்தைக் கழற்றுங்கள். அதன் ஸ்பிரிங் பகுதி பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் அங்கே நெம்பினால் வளையம் தளர்ந்துவிடும். ரப்பர் முழுவதையும் எடுக்க வேண்டாம். பூட்டு உள்ள பக்கத்தில் ஒரு கை நுழையும் அளவுக்கு விளிம்பிலிருந்து உருவி உள்ளே மடக்கினால் போதும். துளைக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு திருகாணிகளை எடுக்கும்போது, பூட்டு உள்ளே விழுந்துவிடாமல் இன்னொரு கையால் பின்னாலிருந்து தாங்கிக்கொள்ளுங்கள். வயர் கனெக்டரின் சிறு தாழ்ப்பாளை அழுத்திக் கழற்ற வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. தகட்டின் ஓரங்கள் கூர்மையானவை என்பதால் கையுறை அவசியம்.

புதிய பூட்டைப் பொருத்திய பின் ரப்பரைப் பழைய இடத்தில் உட்கார வைப்பதில்தான் பொறுமை வேண்டும். ரப்பரின் விளிம்பில் உள்ள பள்ளம் தகட்டின் விளிம்பை முழுமையாகக் கவ்வியிருக்கிறதா என்று விரலால் தடவி உறுதி செய்த பிறகே கம்பி வளையத்தை மாட்டுங்கள். ஓரிடத்தில் பிசகினாலும் அங்கிருந்து தண்ணீர் கசியும். கசிந்த தண்ணீர் நேராகப் புதிய பூட்டின் மேலேயே வடியக்கூடும்.

மேல்பக்க மூடி உள்ள மெஷின்கள்

டாப் லோடு மெஷினில் சோதனை இதைவிடச் சுருக்கமானது. பெரும்பாலும் மூடியில் ஒரு காந்தமும், உடலில் அதை உணரும் சென்சாரும் இருக்கும். சில மாடல்களில் சிறு பூட்டும் சேர்ந்திருக்கும். காந்தம் கழன்று விழுந்திருக்கிறதா, மூடியின் ஓரத்தில் சோப்பு இறுகி அதை முழுதும் படியவிடாமல் தடுக்கிறதா என்று பாருங்கள். செமி ஆட்டோமேட்டிக்கில் பிழியும் தொட்டியின் மூடிக்கு அடியில் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. அதை அழுத்த வேண்டிய பிளாஸ்டிக் முளை உடைந்திருந்தால் தொட்டி சுற்றாது.

எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாதது

பூட்டின் முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்து, ‘இனிமேல் பிரச்சினையே வராது’ என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். பிழியும்போது டிரம் நிமிடத்துக்கு 1,000 முதல் 1,400 முறை வரை சுற்றுகிறது. அந்த வேகத்தில் கதவு திறக்குமானால், உள்ளே நீளும் ஒரு குழந்தையின் கை என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வாஷிங் மெஷின்களுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரமான ஐ.இ.சி. 60335-2-7, சுற்றும் டிரம்மை மனிதக் கை எட்டாதபடி காக்கும் கதவு ஏற்பாடுகளுக்கு விதிகள் வகுத்திருப்பது இதனால்தான். பூட்டு கிடைக்கத் தாமதமாகும் என்றால், அதுவரை கையால் துவைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்து பிளக்கைச் செருகியதும், துணி போடாமல், அலசிப் பிழியும் குறுகிய ஓட்டத்தை மட்டும் ஒருமுறை ஓடவிடுங்கள். முதல் ‘டக்’, சில விநாடிகளில் ‘டிக்’, அதன் பிறகு தண்ணீர் இறங்கும் ஓசை என்ற வரிசை சரியாக வருகிறதா என்று கேளுங்கள். மெஷின் ஓடும்போது கைப்பிடியை மெதுவாக இழுத்துப் பார்த்தால் கதவு அசையக் கூடாது. ரப்பரின் கீழ் விளிம்பை ஒரு காகிதத் துண்டால் ஒற்றி, ஈரம் ஒட்டுகிறதா என்று சோதியுங்கள். ஓட்டம் முடிந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் கதவு தானாக விடுபட்டால், மறுநாள் அரை டிரம் துணியோடு வழக்கமான ஓட்டத்துக்குப் போகலாம்.